ஐப்பசியில் ஒரு நெடுநடை

நடப்பது உடலுக்கு நல்லது என்பது யாவரும் அறிந்ததே. நம் சங்க உறுப்பினர்களில் பலர் அன்றாடம் காலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையை ஒரு சுற்று வருகிறவர்கள். அந்தச் சுற்று ஏறக்குறைய 5 கிலோமீட்டர். இக்கட்டுரை அந்த அன்றாட நடையைப் பற்றியதன்று. ஆண்டுக்கு ஒரு நாளாவது, அரை நாள் முழுவதையும் ஒதுக்கி, நகரை விட்டு வெளியே சென்று மேடும் பள்ளமும் வயலும் வரப்புமாக நடந்து வரும் நெடுநடையைப் பற்றியது. அதற்கு ஏற்ற காலம், வழி, நேரக் கணக்கு, வழியில் கவனிக்க வேண்டியவை ஆகியவற்றை வரிசையாகக் காண்போம்.

இதில் ஒரு பாடமும் அடங்கியிருக்கிறது. மழை ஓய்ந்த சமயத்தில் நடப்பவன் கண்ணுக்கு, நீர் எங்கே விழுந்து எங்கே போகிறது என்பது தெளிவாகத் தெரியும். படி, சாலை, ஏரி, வயல் ஆகிய நான்கின் ஆயுளும் அந்த நீரின் போக்கைப் பொறுத்தது. இதைப் பார்க்கப் பழகியவர்கள் சிலர் ஊரில் இருந்தால் அது ஊருக்கே ஒரு காவல்.

1. காலம்

மேல்நாட்டார் இந்தப் பருவத்தை இலையுதிர்காலம் என்பார்கள். நம் ஊருக்கு அந்தப் பெயர் பொருந்தாது. சாமுண்டி மலையின் மரங்கள் இலை உதிர்ப்பது தை மாதம் தொடங்கிப் பங்குனி வரை. ஐப்பசியில் அவை பச்சைப்பசேல் என்றிருக்கும். ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் பழந்தமிழர் கூதிர் காலம் என்று வகுத்தனர். கன்னட மக்கள் சரத் ருது என்று சொல்வதும் ஏறக்குறைய இதையொட்டிய காலமே.

மைசூருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. தென்மேற்குப் பருவமழையின் வாலும் வடகிழக்குப் பருவமழையின் தலையும் இங்கே அக்டோபரில் சந்திப்பதால், அதிக மழை பெறும் மாதங்களுள் அதுவும் ஒன்று. ஆகவே நாள் பார்த்துத்தான் புறப்பட வேண்டும். தொடர்ந்து இரண்டு நாள் மழை இல்லாதிருந்து, மூன்றாம் நாள் காலை வானம் வெளுத்திருந்தால் அதுவே உகந்த நாள். தூசி அடங்கியிருக்கும், தொலைவு துல்லியமாகத் தெரியும், வெயிலின் கடுமை குறைந்திருக்கும், மண்ணில் நீர் ஓடிய தடமும் அழியாமலிருக்கும்.

இம்மாதத்தில் இங்கே சூரியன் காலை 6.10 முதல் 6.20க்குள் உதிக்கிறது, மாலை 6 மணியளவில் மறைகிறது. மலைக்காட்டில் சிறுத்தைகள் உண்டு. எனவே விடிந்த பிறகே புறப்பட வேண்டும். உச்சி வேளைக்குள் நடையை முடித்துக்கொள்வது நல்லது.

2. வழி

நாம் எடுத்துக்கொள்ளும் வழி இதுதான்: சாமுண்டி மலையின் படிக்கட்டு அடிவாரம், நந்தி, மலையுச்சி, அங்கிருந்து மறுபுறச் சாலை வழியாக இறங்கி உத்தனஹள்ளி, அதன்பின் இயன்ற மட்டும் சுற்றுவட்ட வயல்வழிகள். உத்தனஹள்ளியில் ஜ்வாலாமுகி அம்மன் கோயில் இருக்கிறது. சாமுண்டேஸ்வரியின் தங்கை என்று மக்கள் கொண்டாடும் தெய்வம் அது. களைத்தவர்கள் அங்கேயே நடையை முடித்துக்கொண்டு பேருந்தில் திரும்பலாம். பேருந்து நேரத்தை முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மலையைச் சுற்றியுள்ளது காப்புக்காடு. படியையும் சாலையையும் விட்டு விலகிக் காட்டுக்குள் நுழைய வேண்டாம். அதற்கு வனத்துறையின் அனுமதி தேவை.

வரைபடம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நலம். இந்திய நில அளவைத் துறையின் பழைய எண் முறையில் மைசூர் நகரம் 57 டி/11 என்னும் தாளில் வருகிறது. அதன் அளவு 50,000க்கு 1. அதாவது தாளில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். 2017இல் இத்துறை தன் வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் தரத் தொடங்கியது. வழியின் வளைவு நெளிவுகள் மீது ஒரு தையல் நூலை வைத்துப் பார்த்து, பின் அந்த நூலை அளவுகோலில் நீட்டி அளந்தால் தூரம் கிடைத்துவிடும்.

அதே தாளில் பழுப்பு நிறத்தில் வளைந்து செல்லும் கோடுகள் சம உயரக் கோடுகள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் 20 மீட்டர். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமவெளி. மலையைச் சுற்றி அவை எப்படி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன என்பதைப் பார்த்தாலே முழங்கால் எச்சரிக்கையாகிவிடும்!

3. நேரக் கணக்கு

சாமுண்டி மலையின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குச் சற்று மேல். நகரத் தரையிலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். இந்த ஏற்றத்தை எப்படி நேரமாக மாற்றுவது?

வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு எளிய விதியைச் சொன்னார். வரைபடத்தில் 3 மைலுக்கு 1 மணி நேரம். அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு மேலும் 1 மணி நேரம். இன்றைய அளவில், 5 கிலோமீட்டருக்கு 1 மணி. 600 மீட்டர் ஏற்றத்துக்கு 1 மணி. இது திடமான இளைஞர்களுக்கான கணக்கு. இளைப்பாறும் நேரம் இதில் சேரவில்லை.

அறுபதைத் தாண்டியவர்கள் இதைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். 4 கிலோமீட்டருக்கு 1 மணி, 400 மீட்டர் ஏற்றத்துக்கு 1 மணி, ஒவ்வொரு மணிக்கும் 10 நிமிட ஓய்வு என்று வைத்துக்கொள்ளலாம். உதாரணமாக, 12 கிலோமீட்டர் நடை, 300 மீட்டர் ஏற்றம் என்றால்:

தூரத்துக்கு 3 மணி.
ஏற்றத்துக்கு 45 நிமிடம்.
ஓய்வுக்கு 40 நிமிடம்.
மொத்தம் 4 மணி 25 நிமிடம்.

காலை 6.30க்குப் புறப்பட்டால் 11 மணிக்குள் முடியும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, முடியும் நேரத்தை வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுவதே முறை.

படியின் செங்குத்தைப் புரிந்துகொள்ள ஓர் ஒப்பீடு. ரயில் பாதையில் 100 அடிக்கு 1 அடி ஏறினாலே எஞ்சினுக்கு அது நல்ல ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயிலில் சுமார் 12 அடிக்கு 1 அடி வரை ஏற்றம் உண்டு. அதற்கே நடுவில் பல்தண்டவாளம் தேவைப்பட்டது. சாதாரணப் படிக்கட்டிலோ 2 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் ஏறுகிறோம். ஆகவே முதல் 100 படிகளை வேண்டுமென்றே மெதுவாக ஏறுங்கள். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு தடைப்பட்டால் நின்றுவிட வேண்டும்.

4. படியும் சாலையும்

ஆயிரம் படிகளையும் நந்தியையும் அமைத்தவர் 1659 முதல் 1673 வரை ஆண்ட தொட்ட தேவராஜ உடையார். நந்தி ஒரே கல்லில் ஆனது. சுமார் 15 அடி உயரம், 24 அடி நீளம். படியில் ஏறக்குறைய 700ஐக் கடந்தபின் நந்தியின் முன் வந்து நிற்போம். மூச்சு வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

இந்த மலை இளஞ்சிவப்புக் கருங்கல்லால் ஆனது. பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பாக இருந்து, சுமார் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகிய பாறை என்கிறார்கள் புவியியல் அறிஞர்கள். இத்தனை கெட்டியான மலையில் சரிவு ஏற்படுமா என்று கேட்கலாம். ஏற்பட்டது. 2021 அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெய்த தொடர்மழையில் நந்திக்குச் செல்லும் சாலை இடிந்து சரிந்தது. ஒருமுறையோடு நிற்காமல் சில வாரங்களுக்குள் மீண்டும் மீண்டும் சரிந்தது. போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

இதன் பொதுவான இயல்பை அறிந்துகொள்வது நல்லது. மலைச்சரிவில் சாலை போடும்போது மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி, தடுப்புச்சுவர் எழுப்பி அகலப்படுத்துவார்கள். அப்போது சாலையின் ஒரு பாதி பாறைமீதும் மறுபாதி கொட்டிய மண்மீதும் நிற்கும். மழைநீர் அந்த மண்ணுக்குள் இறங்கினால் இரண்டு கெடுதல். ஒன்று, மண்ணின் எடை கூடுகிறது. மற்றொன்று, மண் துகள்களின் பிடிப்பு தளர்கிறது. இவற்றோடு, சுவருக்குப் பின்னால் தேங்கிய நீரின் அழுத்தமும் சேர்ந்தால் சுவர் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு விழுகிறது. ஆகவே சுவர் எத்தனை தடிமன் என்பதைவிட, சுவரின் பின்னே சேரும் நீர் வெளியேற வழி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. ரயில் பாதையில் மழைக்காலக் காவல் பணி பார்த்தவர்களுக்கு இது அரிச்சுவடி. வெட்டின் மேல்தலையில் ஒரு வடிகால், பாதையோரம் ஒரு வடிகால், சுவரில் கசிவுத் துளைகள் என மூன்றும் அடைபடாமல் இருந்தால் பாதை நிற்கும்.

படிகளைப் பாருங்கள். அவை மலையின் வடிவத்தை அனுசரித்துச் செல்கின்றன. வெட்டிய அகலம் குறைவு; கொட்டிய மண் குறைவு. பழுதுபார்ப்புகள் எத்தனையோ நடந்திருக்கலாம். ஆயினும் மூன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும் அதே வழியில்தான் ஏறுகிறோம்.

மலைச்சாலையில் நடக்கும்போது கீழ்க்கண்ட அறிகுறிகளைக் கவனியுங்கள்:

(அ) சாலையின் ஓரத்துக்கு இணையாக, அதன் நீளவாக்கில் ஓடும் விரிசல். குறுக்கே உள்ள விரிசலைவிட இது ஆபத்தானது.
(ஆ) தடுப்புச்சுவரின் நடுவயிறு வெளியே புடைத்திருத்தல்.
(இ) மழைக்குப் பின் சுவர் ஈரமாக இருந்தும் கசிவுத் துளைகள் வறண்டிருத்தல். துளை அடைத்துக்கொண்டது என்று பொருள்.
(ஈ) துளையிலிருந்து தெளிநீருக்குப் பதிலாகச் சேற்றுநீர் வருதல். உள்ளே மண் கரைகிறது என்று பொருள்.
(உ) ஓரத்துக் கம்பங்களும் மரங்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருத்தல்.

இவற்றில் ஒன்றைக் கண்டால் அந்த ஓரத்தில் நிற்காமல் உட்பக்கமாக நடந்து கடந்துவிடுங்கள். பிறகு இடம், தேதி குறித்து மாநகராட்சிக்கோ பொதுப்பணித் துறைக்கோ இரண்டு வரி எழுதிப் போடுங்கள். வாகனத்தில் விரைபவர் கண்ணுக்கு இவை படுவதில்லை. நடப்பவர்தான் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்பதையும் புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. உச்சியிலிருந்து

அம்மனைத் தரிசித்த பின், நகரம் தெரியும் பக்கமாக வந்து கால்மணி நேரம் உட்காருங்கள். மைசூர் ஏன் இந்த இடத்தில் இப்படிப் பரந்திருக்கிறது என்பது இங்கிருந்து விளங்கும். வெண்ணிறமாகத் தெரிவது 1921இல் கட்டத் தொடங்கிய லலித மஹால். மலையடியில் பளபளப்பது காரஞ்சி ஏரி. மலையின் இந்தப் பக்கச் சரிவில் விழும் மழையை வாங்கிக்கொள்ளும் ஏரி அது. நகரின் மேற்கே குக்கரஹள்ளி ஏரி. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1864இல் அமைத்தது. திவான் பூர்ணய்யா காவிரி நீரை மைசூருக்குக் கொண்டுவர ஒரு கால்வாய் வெட்ட முயன்றார். அந்த எண்ணம் ஈடேறவில்லை. ஆயினும் அவர் பெயரால் வழங்கும் கால்வாய் பிற்காலத்தில் மழைநீரைத் திரட்டி குக்கரஹள்ளிக்குச் சேர்க்கும் வரத்துக்கால்வாயாகப் பயன்பட்டது. ஏரி என்றால் கரையும் நீரும் மட்டுமே என்று எண்ணிவிடக்கூடாது. வரத்துக்கால்வாய் மண்மூடியும் மனைகளாகியும் போனால், மழை பெய்தாலும் ஏரிக்குள் வந்து சேர்வது சாக்கடை நீர்தான்.

இன்னொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. மைசூர், காவிரிக்கும் கபினிக்கும் நடுவே உள்ள மேட்டு நிலம். நகரின் வடபாதியில் விழும் மழை காவிரியை நோக்கியும், தென்பாதியில் விழும் மழை கபினியை நோக்கியும் வழிகிறது. ஒரே மேகத்திலிருந்து பிரிந்து விழுந்த இரண்டு துளிகளும் திருமகூடலு நரசிபுரத்துக் கூடுதுறையில் மறுபடி ஒன்றாகி, மேட்டூரை நோக்கிப் புறப்படுகின்றன. வாழ வந்த ஊருக்கும் வேர் விட்ட ஊருக்கும் நடுவே உள்ள இந்த உறவை வரைபடத்தில் படிப்பதைவிட, மேட்டில் நின்று பார்த்து அறிவது நன்று.

6. இறக்கம்

ஏறுவது மூச்சுக்குச் சோதனை. இறங்குவது முழங்காலுக்குச் சோதனை. இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைத் தொடைத் தசை பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதால், முழங்கால் மூட்டில் சுமை மிகுகிறது. ஆகவேதான் படி வழியாகத் திரும்பாமல், சாய்வு குறைந்த சாலை வழியாக இறங்கச் சொல்கிறோம். காலடிகளைக் குறுக்கி, முழங்காலைச் சற்றே மடக்கியபடி இறங்க வேண்டும். கைத்தடி ஒன்று இருந்தால் சுமையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். ஏறும்போது தடியைக் குறுக்கிப் பிடிப்பதும் இறங்கும்போது நீட்டிப் பிடிப்பதும் வழக்கம். ஈரப் பாறை, பாசி, உதிர்ந்த சருகு ஆகிய மூன்றின் மீதும் கால் வைக்காமலிருப்பது உத்தமம்.

7. வயல்வழி

உத்தனஹள்ளிக்கு அப்பால் மானாவாரி நிலங்கள். ஐப்பசியில் ராகி கதிர் பிடித்து நிற்கும். இடையிடையே அவரை, துவரை, சோளம் ஆகியவற்றை வரிசை வரிசையாக ஊன்றியிருப்பார்கள். கன்னடத்தில் இதற்கு அக்கடி சாலு என்று பெயர். மஞ்சள் பூவாகச் சிரிப்பது ஹுச்செள்ளு. நம் பக்கத்தில் பேயெள் என்பார்கள். ஒரு பயிர் பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்பது இந்த ஏற்பாட்டின் தத்துவம். சரிவுக்குக் குறுக்கே வரிசை போட்டிருந்தால், ஓடும் நீரை அது தடுத்து மண்ணில் இறக்குகிறது என்பதையும் கவனியுங்கள். மலையில் நீரை வெளியேற்ற வேண்டும். வயலில் நீரை நிறுத்த வேண்டும். இடத்துக்கு ஏற்ப நீரை நடத்துவதே வித்தை.

கர்நாடகத்துக் கிராம வரைபடங்களில் காலுதாரி எனப்படும் ஒற்றையடிப் பாதையும், பண்டிதாரி எனப்படும் வண்டிப்பாதையும் குறிக்கப்பட்டிருக்கும். நகரம் விரியும் பக்கங்களில் இவை ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. நடக்க ஆளில்லாத பாதையை ஒன்றிரண்டு மழைக்காலத்தில் உண்ணிச்செடி மூடிவிடும். அதன்பின் வேலி வந்துவிடும். இங்கிலாந்திலும் இதே தொல்லை இருந்தது. 1932 ஏப்ரல் 24ஆம் தேதி கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுநிலத்தில் நூற்றுக்கணக்கான நடைப்பிரியர்கள் தடையை மீறி ஏறினார்கள். சிலர் சிறை சென்றார்கள். 1949இல் வந்த சட்டம், ஒவ்வொரு வட்டாரத்திலும் பொதுப் பாதைகளை வரைபடத்தில் உறுதிசெய்து பதிய வேண்டும் என்று விதித்தது. நமக்கு வரைபடம் முன்பே இருக்கிறது. அதில் உள்ள வழியில் நடந்துகொண்டிருப்பதே நாம் செய்யக்கூடிய பராமரிப்பு.

வயல்வழியில் சில மரியாதைகள் உண்டு. வரப்பில் ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். பயிரை மிதிக்காதீர்கள், ஒரு அவரைக்காயைக்கூடக் கேளாமல் பறிக்காதீர்கள். எதிரே வருபவரைக் கண்டால் வணக்கம் சொல்லி, "ஈ தாரி எல்லிகெ ஹோகுத்தெ?" என்று கேளுங்கள். இந்த வழி எங்கே போகிறது என்று பொருள். வழி மட்டுமன்றி, குடிக்கத் தண்ணீரும் ஊர்க்கதையும் சேர்ந்து கிடைக்கும்.

8. பையில் இருக்க வேண்டியவை

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஒரு சிறு பாட்டில். புளியோதரை, அல்லது அவல். சர்க்கரை நோயாளிகள் மாத்திரையோடு கற்கண்டும் வைத்திருக்க வேண்டும். இவற்றோடு ஒரு தொப்பி, ஒரு குடை, காலுறை ஒரு மாற்று ஜோடி, கட்டுத்துணி, விசில் ஆகியவை. காலணி பழகியதாக இருக்கட்டும். புதிய காலணியை நெடுநடையன்று முதன்முதலாக அணிவது கொப்புளத்துக்கு வரவேற்பு. மார்வலி, தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் படியேற வேண்டாம். தனியே போவதைவிட நாலு பேராகப் போவது நன்று. குழுவின் வேகம் என்பது அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே. அவரை முன்னே விட்டு மற்றவர் பின்னே வர வேண்டும்.

9. நடந்த பின்

வீடு திரும்பியதும் வெந்நீரில் கால்களை ஊறவைத்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு விவரங்களைக் குறித்து வையுங்கள்: அடிவாரம், நந்தி, உச்சி, உத்தனஹள்ளி ஆகிய நான்கு இடங்களை அடைந்த நேரம், நீர் ஓடிக்கொண்டிருந்த ஓடைகள் எவை, சாலையில் கண்ட விரிசலும் புடைப்பும் எங்கே, மூடிப்போன பாதைகள் எவை. அடுத்த ஐப்பசியில் அதே வழியில் நடந்து ஒப்பிட்டுப் பாருங்கள். நேரம் கூடியிருந்தால் நம் உடலைப் பற்றி அது ஒரு செய்தி சொல்லும். விரிசல் நீண்டிருந்தால் மலையைப் பற்றி ஒரு செய்தி சொல்லும். இரண்டையும் உரிய காலத்தில் தெரிந்துகொண்டால் உரிய காலத்தில் செப்பனிடலாம். பேரப்பிள்ளைகளில் ஒருவரையாவது உடன் அழைத்துச் சென்று, நோட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.